பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்!

அறுபது வயது தாண்டிவிட்டால் போதும். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். "உட்காருங்கள்" என்பதே அந்த வார்த்தை.

"கடைக்கு நான் போகிறேன், நீங்கள் உட்காருங்கள், அப்பா" என்கிறான் மகன். "நீங்கள் ஏன் அலைய வேண்டும், அத்தை? பேசாமல் உட்காருங்கள்" என்கிறாள் மருமகள். பேரனோ கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். காய்கறி, பால், மருந்து எல்லாம் வாசலுக்கே வந்துவிடுகின்றன.

இது அன்பினால் சொல்லும் வார்த்தைதான். மரியாதையினால் சொல்லும் வார்த்தைதான். ஆனால் இந்த அன்பே பெரியவர்களின் காலைக் கட்டிப் போடுகிறது. அதை நாம் உணருவது இல்லை.

முதுமைக்கு வேண்டியது சாய்வு நாற்காலி அல்ல, நடை! வெளியே போய், நாலு பேரைப் பார்த்து, தன் காலாலேயே வீடு திரும்பும் நடை.

பத்தே நாளில் ஒரு கிலோ!

ஓய்வு எடுத்தால் உடம்பில் பலம் சேரும் என்று நினைக்கிறோம். வயதான காலத்தில் அளவுக்கு மீறிய ஓய்வு பலத்தைப் பறித்துவிடும்.

2007-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையின் முடிவைப் பாருங்கள். நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுக்கு நோய் இல்லை. சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும், பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்துவிட்டது!

நாற்காலியில் உட்கார்ந்து இருப்பவருக்கு இவ்வளவு வேகமாகச் சதை கரையாது. மெதுவாகக் கரையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சதை கரைந்தால் கால் தள்ளாடும். கால் தள்ளாடினால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். பயம் வந்தால் நடை குறையும். நடை குறைந்தால் கால் இன்னும் தள்ளாடும். கடைசியில் ஒரு நாள் குளியல் அறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "வயதாகிவிட்டது, என்ன செய்வது!" என்கிறோம். வயதின் மீது மட்டும் பழி போடுவது நியாயமா?

லண்டன் கண்டக்டர்கள்

நடப்பவருக்கும் உட்கார்ந்து இருப்பவருக்கும் உள்ள வேற்றுமையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர், ஜெர்மி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவர் ஆராய்ந்தது லண்டன் நகரத்து மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை.

டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்சில் போகிறவர்கள். ஆனால் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்து இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், இறங்குகிறார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதை மாரிஸ் கண்டுபிடித்தார். 1953-ம் ஆண்டில் அந்த முடிவை வெளியிட்டார்.

தாமும் தேகப் பயிற்சியைக் கைவிடாதவர் அவர். 2009-ம் ஆண்டில் காலமானபோது அவருக்கு வயது 99!

பத்தாயிரம் அடி வேண்டுமா?

இப்போது கைக்கடிகாரம்கூட நாம் நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லுகிறது. "தினம் பத்தாயிரம் அடி நடந்தால்தான் பயன்" என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டதும், "அது நம்மால் ஆகாது" என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தப் பத்தாயிரம் என்ற கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா? 1965-ம் ஆண்டு, ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "பத்தாயிரம் அடி மானி" என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தது. வியாபாரத்துக்காக வைத்த பெயர், வைத்தியர் விதித்த விதி போல ஆகிவிட்டது!

2019-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறு கணக்குச் சொல்லுகிறது. சராசரி 72 வயது உள்ள சுமார் 17 ஆயிரம் அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைந்து இருந்தது. 7,500 அடி வரை நன்மை கூடியது. அதற்குமேல் பெரிய வேற்றுமை தெரியவில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் சேர்த்துத்தான் இந்த 4,400 அடி. வாசலைத் தாண்டி அரை மணி நேரம் உலாவினால் கணக்கு நேராகிவிடும்.

அதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியது இல்லை. சாப்பிட்டபின் சிறிது உலாவ வேண்டும் என்று நம் சித்த மருத்துவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று இன்றைய ஆராய்ச்சியும் கூறுகிறது. சர்க்கரை வியாதி இல்லாத வீடே அரிதாகிவிட்ட நமக்கு இது பெரிய உதவி அல்லவா?

கசப்பு மருந்து அல்ல

நடையை மாத்திரை போல விழுங்கச் சொல்லக் கூடாது. "டாக்டர் சொன்னார், நடக்கிறேன்" என்பவர் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவார். ஆசையோடு நடப்பவரோ நிறுத்தமாட்டார்.

ஆசைக்கு என்ன குறை? பங்குனியில் வேப்பம்பூ வாசனை வருகிறது. தெருமுனை டீக்கடையில் பழைய சிநேகிதர் காத்து இருக்கிறார். சந்தையில் கத்திரிக்காயைக் கையில் எடுத்து, நல்லதா சொத்தையா என்று பார்த்து வாங்குவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. "என்ன ஐயா, இரண்டு நாளாகக் காணோமே?" என்று பூக்காரி கேட்கிறாள். தன்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறது என்ற எண்ணம் முதுமைக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு வீட்டு வேலையே நடைதானே" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடுகிறோம். அடுப்படிக்கும் கொல்லைக்கும் ஐம்பது ஆண்டு நடந்தவருக்கு, வெளிக்காற்றும் வெளி மனிதர்களும் வேண்டாமா? மாலையில் கோவில் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வரும் பாட்டிமார்களின் முகத்தைப் பாருங்கள்; விடை கிடைக்கும்.

"வயதானவரால் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு, வரலாறு பதில் சொல்லுகிறது. 1930-ம் ஆண்டில் காந்திஜி தண்டிக்கு நடந்தபோது அவருக்கு வயது 60. 24 நாட்களில் சுமார் 240 மைல் நடந்தார். வினோபா பாவே பூமிதான யாத்திரை தொடங்கியபோது அவருக்கு வயது 55. அது 1951-ம் ஆண்டு. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராக நடந்தார்.

நடக்க இடம் எங்கே?

வீட்டார் அனுப்பினாலும் வீதி அனுமதிக்க வேண்டுமே!

நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 150 மில்லிமீட்டருக்குமேல் உயரம் கூடாது என்று இந்திய சாலைப் பேரவை விதித்து இருக்கிறது. நம் ஊரில் எத்தனை நடைபாதைகள் இப்படி இருக்கின்றன? பல இடங்களில் முழங்கால் உயரத்துக்கு ஏற வேண்டி இருக்கிறது. ஏறினால் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதைத் தாண்டினால் மின்சாரப் பெட்டி நிற்கிறது. பெரியவர் சாலையில் இறங்குகிறார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது!

தடை இல்லாத நடைபாதை, அரசியல் சட்டம் தந்த வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025-ம் ஆண்டு மே மாதத்தில் சொல்லி இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

2023-ம் ஆண்டில் தமிழக அரசு, மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப் பயிற்சிப் பாதை திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எழுபது வயதுக்காரர் அந்தப் பாதைக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டி இருந்தால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது, தன் வீட்டில் இருந்து பால் கடை வரை, கோவில் வரை, ரேஷன் கடை வரை பயம் இல்லாமல் நடக்க ஒரு பாதை. நடுவில் உட்கார ஒரு பெஞ்சு.

முன்பு திண்ணைகள் இருந்தன. களைத்தவர் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். இன்று திண்ணை போய், மதில் சுவர் வந்துவிட்டது. தெருவுக்கு இரண்டு பெஞ்சு போடுவது நகராட்சிக்குப் பெரிய செலவா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதை நாம் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இருதய நோயாளிகளும், மூட்டு வலி மிகுந்தவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும். அதுவே சரியான வேகம். நெஞ்சில் வலியோ, மயக்கமோ வந்தால் உடனே நின்று, உதவி கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் போகாதீர்கள். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக நடங்கள். கைத்தடி பிடிப்பது வெட்கம் அல்ல. விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பாவோ, அம்மாவோ செருப்பைத் தேடும்போது தடுக்காதீர்கள். முடிந்தால் கூடப் போங்கள். முடியாவிட்டால் பையைக் கையில் கொடுத்து, "மெதுவாகப் போய் வாருங்கள்" என்று வழி அனுப்புங்கள். பெற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை அதுதான்.