ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவராவது இருப்பார். அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். அவருடைய சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

தலையைச் சொறிகிறீர்கள் அல்லவா? நானும் சொறிந்தவன்தான்.

என் அத்தை ஒருவர் திருத்தங்கலில் இருந்தார். முப்பது வருஷம் பட்டாசுத் தொழிற்சாலையில், ஊர் வழக்கில் சொன்னால் ‘பயர் ஆபீஸில்’, சரம் பின்னியவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது இரண்டு சிறுநீரகங்களும் கிட்டத்தட்ட ஓய்வு பெற்றுவிட்டிருந்தன. “பழைய யூரின் ரிப்போர்ட் ஏதாவது இருக்காம்மா?” என்று டாக்டர் கேட்டார். அத்தை மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட் வைத்திருந்தார். எல்லாமே ரத்தம்.

“ஊசியக் குத்தி ரத்தம் எடுத்தாங்க, மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுன்னு ஒருத்தரும் கேக்கலையேய்யா” என்றார்.

பன்னிரண்டு வருஷம். ஒரு சின்ன டப்பா. ஒருத்தரும் கேட்கவில்லை.

சிறுநீரகம் ரொம்ப நல்ல பிள்ளை. வலிக்கிறது என்று அழாது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவற்றை வருஷக்கணக்கில் அரிக்கும். முதல் அடையாளம், ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிவது. வலி இல்லை, வீக்கம் இல்லை, டெஸ்ட் எடுத்தால் மட்டுமே தெரியும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் சேதத்தின் வேகத்தைப் பெருமளவு குறைக்கலாம். லொசார்டான் என்ற சாதாரண பிரஷர் மாத்திரை சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 2001-லேயே நிரூபித்துவிட்டார்கள். சிறுநீரகத்துக்குக் கவசம் போடும் எம்பாகிளிஃபுளோசின் என்ற புதிய மாத்திரைக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. சுமார் அறுபது ரூபாய் விற்ற ஒரு மாத்திரை பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மருந்து இருக்கிறது, விலையும் இறங்கிவிட்டது. கேட்க ஆள்தான் இல்லை.

சென்னையில் ஒருவர் கேட்டார். டாக்டர் எம்.கே. மணி. 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்கு பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் சிகிச்சை கொடுத்த நிபுணர். பிறகு சென்னையில் அப்போலோ. மெஷினின் மகிமை அவருக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்டவர், ஏழை நாட்டுக்கு மெஷின் பதில் ஆகாது, நோய் வராமல் தடுப்பதே பதில் என்ற முடிவுக்கு வந்தார்.

வந்ததோடு நிற்கவில்லை. ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ என்ற அமைப்பின் மூலம், சென்னைக்கு அருகே சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் கிராமங்களில் இறங்கினார். வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டினார்கள். பால் மாதிரி கலங்கினால் புரதம். பெனடிக்ட் கரைசலில் சூடாக்கினார்கள். நீலம் மாறினால் சர்க்கரை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீங்கள் செய்த அதே வேலை. மருந்துகளும் இருப்பதிலேயே மலிவானவை. மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு, சர்ப்பகந்தியிலிருந்து வந்த பழைய ரிசர்பின்.

செலவு? ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 27 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் பன்னிரண்டு ரூபாய் போல. பலன்? ரத்தக்கொதிப்பு இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது கட்டுக்குள் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல் மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே இறங்கியது. திட்டம் நடந்த பகுதியில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் ஆயிரத்துக்கு 11 பேர். திட்டம் எட்டாத பக்கத்துப் பகுதியில் ஆயிரத்துக்கு 28.

இது கறாரான ஆய்வு முறை இல்லை என்று சில நிபுணர்கள் மூக்கைச் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவர்கள் கையில் இதைவிட மலிவான வழி இருந்தால் அதைச் சொல்லட்டும். 2003-லும் 2005-லும் சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழில் வெளிவந்த கணக்கு இது. உலகம் படித்தது. நாம் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ஆமாம், ரிப்பன். டயாலிசிஸ் மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். மூத்திர டப்பாவுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் படுத்திருப்பவருக்கு அது உயிர். ஆனால் வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் என்று படுக்க வேண்டியவர் தினக்கூலிக்காரர். டயாலிசிஸ் செலவைக் காப்பீட்டு அட்டை கட்டும். போன கூலியை யார் கட்டுவது?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2023 ஜூலையில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறியும் திட்டமும் வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எல்லாம் சரி. பயர் ஆபீஸ் வேன் காலையில் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிறது. இடையில் அந்தப் பெண் எந்த நேரத்தில் சுகாதார நிலையத்துக்குப் போவாள்?

வேலை செய்யும் அறையைப் பாருங்கள். பொறி பறந்தால் ஆபத்து, அதனால் ஃபேன் கிடையாது. கந்தக பூமி, கேட்க வேண்டுமா வெயிலுக்கு! பீஸ் கணக்குக் கூலி. எழுந்து போனால் கூலி குறையும், எனவே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டுமே! ராத்திரி உடம்பெல்லாம் வலி. மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு செட் மாத்திரை’. அதில் ஒன்று நிச்சயம் வலி மாத்திரை. சர்க்கரை ஒரு பக்கம், நீர் வற்றுவது ஒரு பக்கம், வலி மாத்திரை ஒரு பக்கம். ஒரு சிறுநீரகம் எத்தனை பேரோடுதான் சண்டை போடும்?

வெயில் சும்மா விடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சந்தேகம் வெப்பத்தின் மேல். சர்க்கரையும் இருந்து வெயிலும் சேர்ந்தால்?

இன்னொரு பக்கம் நம்மாட்களின் ஞானம். “சர்க்கரை மாத்திரை தின்னா கிட்னி போயிரும்.” மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ கொடுத்த பொடியைக் கரைத்துக் குடிப்பார்கள். ஐயா, கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. கிட்னி பலவீனமானால் சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார், சிலவற்றை நிறுத்துவார். அதைத் தெரிந்துகொள்வதற்கும் அந்த டெஸ்ட்தான் வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. சத்தம் கேட்ட சாவு அது. சத்தமில்லாமல் செத்தால் எந்தக் கணக்கிலும் வராது. என் அத்தை வரவில்லை.

என்ன செய்யலாம்? 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதில் சிறுநீர் ஆல்புமினும் ரத்த கிரியேட்டினினும் கட்டாயம் இருக்கட்டும். பரிசோதனை ஆபீஸ் வாசலிலேயே, கூலி பிடிக்காமல் நடக்கட்டும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எழுந்து போகும் நேரத்துக்குக் கூலி குறையாதிருக்கட்டும். தீபாவளிக்கு தீபாவளி உற்பத்திக் கணக்கு சொல்லும் முதலாளிகளே, இதற்கு எவ்வளவு ஆகிவிடும்? தொழிற்சங்கங்களே, போனஸ் கேட்கும் பட்டியலில் இதற்கும் ஒரு வரி கிடையாதா?

பசியோடு பிள்ளை பள்ளிக்கு வராது என்று சோற்றைப் பள்ளிக்கே கொண்டுபோன காமராஜர் பிறந்த மண் விருதுநகர். கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவளிடம் ஒரு டப்பாவைக் கொண்டுபோக அந்த மண்ணில் ஆள் இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

அது நடக்கும்போது நடக்கட்டும். நீங்கள் நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுச் சர்க்கரை நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய், அந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். டாக்டர் கேட்கவில்லையா? நீங்கள் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அத்தை விஷயத்தில் கேட்காமல் இருந்ததற்குத்தான் நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.