மொறிஸ் மைனரும் விண்டோஸ் 10உம்

1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர் கார், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களில் மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலைச் சிறிதளவு விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள் நம்மவர்கள். எந்தத் தொழிற்சாலையிடமும் அனுமதி கேட்கவில்லை.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் கதை வேறு. 2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக இயங்கும் கணினி, பழுதாகாமலே கழிவாகிறது.

பாதுகாப்புக்காகவே என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால், வாங்கியவன் திருத்த முடியாத பொருள் அவனுடையதுதானா? லினக்ஸை நிறுவினால் அதே கணினி மீண்டும் ஓடுகிறதே! அப்படியாயின், காலாவதியானது எது?