யார் அடிக்கிறது பப்ளிசிட்டி ஸ்டண்ட்?



ரேஷன் கடையில் பருப்பு வரலன்னு நாம மறியல் பண்ணினா, "பப்ளிசிட்டி ஸ்டண்ட்". நூறு நாள் வேலைக்குக் கூலி பாக்கின்னு மனு கொடுத்தா, அதுவும் "பப்ளிசிட்டி ஸ்டண்ட்". டி.வி. விவாதத்தில் உட்கார்ந்து பாஜக நண்பர்கள் இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு நகர்ந்துடறாங்க. பருப்பு ஏன் வரல, கூலி எப்ப வரும் என்பதற்கு மட்டும் பதில் கிடையாது.

சரி, பப்ளிசிட்டியைப் பத்தியே பேசுவோம்.

'பேட்டி பச்சாவ், பேட்டி படாவ்'. பெண் குழந்தையைக் காப்போம், படிக்க வைப்போம்னு 2015 ஜனவரி 22 அன்று ஹரியானாவின் பானிபட்டில் பிரதமர் மோடி தொடங்கி வைத்த திட்டம். நல்ல பேரு, குறை சொல்ல முடியாது. பணம் எங்கே போச்சு? 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்டது 446.72 கோடி ரூபாய். அதில் 78.91 சதவீதம் ஊடகப் பிரச்சாரத்துக்கு! நூறு ரூபாய் கொடுத்தா 79 ரூபாய் விளம்பரம். பிள்ளைகளோட படிப்பு, உடல்நலம் எல்லாத்துக்கும் சேர்த்து மிச்சம் 21 ரூபாய்.

இது நாம கட்டின கதை இல்லை. 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட குழு அறிக்கையில் உள்ள கணக்கு. அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? பாஜக எம்.பி. ஹீனா காவித்.

அதே 2021-ல்தான் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழிலும் பிரதமர் படம். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வந்தப்போ, தேர்தல் ஆணையம் தலையிட்ட பிறகுதான் இங்கே அதை எடுத்தாங்க. படம் இல்லாத சான்றிதழும் செல்லுபடி ஆச்சு. ஊசியும் வேலை செஞ்சுது. அப்புறம் படம் எதுக்கு?

நாமளும் மறியல்ல போட்டோ எடுக்குறோம், மறைக்கல. ஆனா அந்த செல்போன் நம்ம சொந்தக் காசு. உங்க படம் ஓடுறது, தீப்பெட்டி வாங்குறவர் கட்டுற வரியில.

இன்னொண்ணு, இதுக்கு ஸ்டண்ட்னு பேர் வைக்கிறதே தப்பு. சினிமாவில் ஸ்டண்ட் அடிக்கிற தொழிலாளி மாடியிலிருந்து குதிச்சு எலும்பை உடைச்சுக்குவார். போஸ்டரில் அவர் முகமே இருக்காது. இங்கே போஸ்டர் பூரா முகம்தான், குதிக்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த தடவை யாராவது "பப்ளிசிட்டி ஸ்டண்ட்"னு ஆரம்பிச்சா கோபப்படாதீங்க தோழர்களே. 78.91-ன்னு அந்த நம்பரைச் சொல்லுங்க. மிச்சம் 21 ரூபாயில் எத்தனை பெண் பிள்ளைங்களைப் படிக்க வச்சீங்கன்னு கேளுங்க.

#நூற்றுக்கு79விளம்பரம்