தலையெழுத்தா, வரைபடமா?

“நகரம் என்றால் நெரிசலும் புகையும் இருக்கத்தான் செய்யும், அது அதன் தலையெழுத்து” என்கின்றனர். எழுதியவன் யார் என்று கேட்டால் விரல் வானத்தைச் சுட்டுகிறது! தோழர்களே, நாம் வானத்தைப் பார்க்கப் போவதில்லை. திட்ட அலுவலகத்து மேசைமேல் விரிந்து கிடக்கும் வரைபடத்தைப் பார்ப்போம். எத்தனை எண்ணெய் எரியவேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

அமெரிக்காவின் அட்லாண்டாவும் ஸ்பெயினின் பார்சிலோனாவும் இதற்குச் சான்று. 1990ஆம் ஆண்டுக் கணக்கில் முன்னதில் 25 இலட்சம் மக்கள். பின்னதில் 28 இலட்சம். பார்சிலோனா 162 சதுர கிலோமீட்டரில் அடங்கியது. அட்லாண்டாவோ 4,280 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடந்தது! பார்சிலோனாவின் 99 கிலோமீட்டர் மெட்ரோ, மக்களில் 60 விழுக்காட்டினருக்கு 600 மீட்டர் நடைக்குள் கிட்டியது. அதே வசதியை அட்லாண்டாவுக்கு அளிக்க மேலும் 3,400 கிலோமீட்டர் பாதை வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார் நகரமைப்பு அறிஞர் அலேன் பெர்த்தோ. அட்லாண்டாக்காரன் பெட்ரோல் குடித்து வளர்ந்தவனா? இல்லை. வீடு ஒரு கோடியில், கடை மறுகோடியில், நடுவே நெடுஞ்சாலை என்று வரைந்துவிட்டனர். உப்பு வாங்கவும் அவன் கார் ஏறியாகவேண்டும்!

அயலூர்க் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சென்னைக்கு வருவோம். 1895இல் மின்சார டிராம் ஓடிய நகர் இது. 1953இல் அதை நிறுத்தினர். அது பழங்கதை, போகட்டும். கூவக்கரையில் குடியிருந்தோரைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டு குவித்தனரே, அது நம் கண்முன் நடந்தது. வேலை நகரின் நடுவே. வீடு இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். பாத்திரம் துலக்கவும் தெருக் கூட்டவும் நடந்துபோன கால்களுக்கு முன்பு ஒரு சொட்டு எண்ணெய் தேவைப்படவில்லை. இன்று நாள்தோறும் டீசல்! அந்த எண்ணெய் நம் கிணற்றிலா ஊறுகிறது? இந்நாடு எரிக்கும் கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கடல்கடந்து வருகிறது.

அங்கிருந்து வரும் மாணவி ஒருத்தி நம் வகுப்பில் இருந்தாள். முதல் பாடவேளை முடியும்போதுதான் நுழைவாள். “வண்டி கூட்டம், நிற்காமல் போய்விட்டது, ஐயா” என்பாள். நம்பாமல் வாயிலில் நிற்கவைத்தோம். ஒருநாள் அந்த நிறுத்தத்தில் நாமே நின்று பார்த்தபின் வெட்கித் தலைகுனிந்தோம்.

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி என்ன கவலை என்போரும் உளர். மின்சாரம் மட்டும் வானிலிருந்து பொழிகிறதா? பழுப்பு நிலக்கரிக்காக நெய்வேலிச் சுற்றூர்கள் நிலம் இழந்தன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. நகரத்தான் சொகுசுக்கு ஊரான் வயல் விலையா? தேவையற்ற பயணத்தை எதில் ஓட்டினாலும் அது தேவையற்ற பயணமே.

2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் சென்னைக்கு என்று பேசப்படுகிறது. எத்தனை மேம்பாலம் என்று ஏடுகள் எழுதட்டும். இளைஞர்களே, கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு நீங்கள் செல்லுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். ஏழைக்கு ஒதுக்கிய வீட்டிலிருந்து அவன் வேலைக்கு எத்தனை கிலோமீட்டர்? அங்கிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு?