ஈடு கேட்கும் ஊர்

போர் முடிந்து ஊர் திரும்பும் விமானப்படை அதிகாரி ஒருவன் விமான நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் நிற்கிறான். தன் ஊருக்குச் செல்லும் விமானங்களில் இப்போதைக்கு இடமில்லை என்று பதில் வருகிறது. அதே நேரத்தில் கோல்ஃப் மட்டைகள் பின்தொடர ஒரு செல்வந்தர் வருகிறார். அவருக்கு இடம் இருக்கிறது. சுமையின் எடை கூடுதல் என்கிறார்கள். அதனால் என்ன என்பதுபோல் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வில்லியம் வைலர் இயக்கி 1946இல் வெளிவந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்து வரும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் படம் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு நிமிடத்திற்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்படத்தைக் 'கண்ணீர்ப் படம்' என்று ஒதுக்கிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. இருபதாண்டுகளுக்கு முன் முதன்முறை பார்த்தபோது நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். மூன்று வீரர்கள் திரும்புகிறார்கள், மூவருக்கும் துன்பம் வருகிறது, மூவரையும் பெண்களின் அன்பு மீட்கிறது, ஒரு திருமணத்தோடு சுபம். ஏழு ஆஸ்கார் விருதுகளை இதற்கா அள்ளிக் கொடுத்தார்கள் என்று இளமையின் மிடுக்கோடு கேட்டதும் நினைவிருக்கிறது. நாற்பதைக் கடந்து மறுபடி பார்த்தபோது, அன்று நான் கதையின் முடிவைப் பார்த்தேனே தவிர படத்தைப் பார்க்கவில்லை என்று விளங்கியது.

முல்லைத்திணைப் பாடல்களில் ஊறியவர்களுக்கு இப்படத்தின் துணிவு எளிதில் புலப்படும். வினைமுற்றிய தலைவன் பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான், கார்காலம் தொடங்கிவிட்டது, அவள் காத்திருப்பாள். தேர் வாசலை அடைவதோடு அந்த உலகம் நிறைவுற்றுவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான், இரவில் உறங்கினானா, அவளிடம் பேச அவனுக்குச் சொற்கள் இருந்தனவா என்று நாம் கேட்பதில்லை. வைலரின் படம் தேர் வந்து நின்ற பிறகு தொடங்குகிறது. இங்கே தேர், ஒரு குண்டுவீச்சு விமானம். அதன் கண்ணாடி மூக்கில் மூவரும் அமர்ந்து கீழே நகரும் தங்கள் நாட்டைப் பார்த்துக்கொண்டே பூன் சிட்டி என்ற கற்பனை நகரத்துக்குப் போகிறார்கள். வங்கி அதிகாரியாக இருந்து தரைப்படையில் சார்ஜன்ட் ஆன ஆல், மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுத்தவனாக இருந்து விமானப்படையில் கேப்டன் ஆன ஃபிரெட், இரு கைகளையும் இழந்த இளம் மாலுமி ஹோமர். போர் அவர்களின் வரிசையைப் புரட்டிப் போட்டிருந்தது. ஊர் அதை மறுபடி பழையபடி அடுக்குகிறது. சார்ஜன்ட் மறுபடி வங்கியின் உயர்பதவிக்குப் போகிறார். கேப்டன் மறுபடி வாரம் 32.50 டாலருக்கு அதே மருந்துக்கடையில் நிற்கிறான்.

படம் உருவான விதத்தையும் சிறிது சொல்ல வேண்டும். ஊர் திரும்பும் வீரர்களின் தடுமாற்றம் பற்றி 1944 ஆகஸ்டில் 'டைம்' இதழில் வந்த கட்டுரை, தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு முதல் பொறி. அவர் கேட்டுக்கொண்டதால் மக்கின்லே கான்டர் ஒரு கதை எழுதினார். அது யாப்பில் அமைந்த நெடுங்கதையாக வந்து சேர்ந்தது. ராபர்ட் ஷெர்வுட் அதைத் திரைக்கதையாக்கினார். வைலருக்கு இது வெறும் வேலையாக இருக்கவில்லை. அவரே விமானப்படையில் பணியாற்றி, குண்டுவீச்சு விமானங்களில் பறந்து ஆவணப்படம் எடுத்தவர்; 1945இல் அத்தகைய படப்பிடிப்பின்போது ஒரு காதின் கேட்கும் திறனை இழந்தவர். நடிகர்களின் உடைகளைத் தைத்து வாங்காமல் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றையே வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே அணிந்து பழகச் சொன்னார். ஹோமராக நடித்த ஹரால்டு ரஸ்ஸல் தொழில்முறை நடிகரே அல்லர். 1944 ஜூன் 6 அன்று, நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அதே நாளில், வட கரோலினாவின் ஒரு பயிற்சி முகாமில் வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்த இராணுவப் பயிற்றுநர். மூலக்கதையில் ஹோமருக்கு இருந்தது மூளைக் காயத்தால் வந்த தசை இறுக்க நோய். ரஸ்ஸலை ஓர் ஆவணப்படத்தில் கண்ட வைலர் பாத்திரத்தையே அவருக்காக மாற்றினார்.

ஆல் வீட்டுக்கு வரும் காட்சியைத் திரைக்கல்வி வகுப்புகளில் அடிக்கடி காட்டுவார்கள். கதவைத் திறந்த மகளின், மகனின் வாயைப் பொத்துகிறார். உள்ளே வேலையாக இருக்கும் மனைவி மில்லி, வாசலில் யார் என்று கேட்கிறாள். பதில் இல்லை. அந்த மௌனமே அவளுக்குப் பதிலாகிவிடுகிறது. நீண்ட நடையின் இரு முனைகளிலிருந்தும் இருவரும் நெருங்குகிறார்கள். எல்லாரும் இந்த அணைப்போடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் அரைமணி நேரம். மகனுக்கு ஜப்பானிய வாள் ஒன்றைப் பரிசாகத் தருகிறார். மகனோ ஹிரோஷிமாவில் கதிரியக்கத்தின் விளைவுகளைக் கவனித்தீர்களா என்று கேட்கிறான். தந்தையிடம் பதில் இல்லை. தான் இல்லாமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் நடுவே, தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் அமர்ந்திருக்கிறார். அன்றிரவே மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மதுக்கூடம் மதுக்கூடமாகச் சுற்றுகிறார். குடி இங்கே நகைச்சுவைபோல் காட்டப்படுகிறது. ஆனால் பின்னொரு விருந்தில் அவர் ஒவ்வொரு கோப்பையாகக் குடிக்கக் குடிக்க, மில்லி முள்கரண்டியால் மேசைவிரிப்பில் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருப்பாள். அந்தக் கோடுகளில் நகைச்சுவை இல்லை.

படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். 'சிட்டிசன் கேன்' (1941) படத்துக்கும் அவரே. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவுடன் தெரியும் காட்சியமைப்பு அவருடைய பெருமை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் 1948இல் வைலரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதன் ஒரு காட்சியை விரிவாக ஆராய்ந்தார். மதுக்கூடத்தில் ஹோமர் தன் உலோகக் கொக்கிகளால் பியானோ வாசித்துக் காட்டுகிறான். ஆல் அருகில் நின்று கேட்கிறார். வெகு தொலைவில், சட்டகத்தின் ஒரு மூலையில், தொலைபேசிக் கூண்டுக்குள் ஃபிரெட் நிற்கிறான். ஆலின் மகள் பெக்கியோடு ஏற்பட்ட உறவை முறித்துக்கொள்ள அங்கிருந்து பேசுகிறான். அப்படிச் செய்யச் சொன்னவர் ஆல். அவன் குரல் நமக்குக் கேட்பதில்லை. முன்னால் ஒருவனின் சிறு வெற்றி. பின்னால் ஒருவனின் இழப்பு. நடுவில் இரண்டையும் அறிந்த ஒருவர். இதைத் தொழில்நுட்பச் சாதனை என்று மட்டும் சொல்வது போதாது. ஒருவனுடைய துயரத்தைக் காட்டுவதற்காக மற்றவனை வெட்டி வெளியே தள்ள வைலர் மறுக்கிறார். எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்குக் கட்டளையிடவும் மறுக்கிறார். கண்ணீர்ப் படம் எடுப்பவர்கள் இப்படி எடுப்பதில்லை.

ஹோமரின் பகுதியிலும் இதே நேர்மை. அவனால் தீக்குச்சி கிழிக்க முடியும், கோப்பையைத் தூக்க முடியும், துப்பாக்கி சுட முடியும். ஊர் வியக்கிறது. ஆனால் இரவில் கொக்கிகளைக் கழற்றி வைத்தபின் அவனால் ஒரு கதவைக்கூடத் திறந்துகொள்ள முடியாது. தன்னை மணக்கக் காத்திருக்கும் வில்மாவை அழைத்து அதைத்தான் காட்டுகிறான்: இதுதான் நான், முடிந்தால் ஓடிவிடு. அவள் ஓடவில்லை. அவனுடைய இரவு உடையின் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். ரஸ்ஸலின் உண்மையான உடல் அங்கே இருப்பதால் அக்காட்சியில் நடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். இப்படத்தின் உண்மையான களம் வீடு அன்று, வங்கி. 1944 ஜூனில் கையெழுத்தான வீரர் மறுவாழ்வுச் சட்டம், கல்விக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் அரசின் உறுதிப்பாட்டோடு உதவி கிடைக்க வழி செய்தது. ஆலுக்கு வங்கி கொடுக்கும் புதிய பதவி, அத்தகைய சிறு கடன்களைக் கவனிப்பது. குத்தகை விவசாயியாக இருந்த முன்னாள் வீரன் ஒருவன் சொந்த நிலம் வாங்கக் கடன் கேட்டு வருகிறான். ஈடாகக் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. ஆல் கொடுத்துவிடுகிறார். மேலிடம் புன்னகையோடு கண்டிக்கிறது. அந்த விருந்தில், போதையில் எழுந்து அவர் ஒரு கதை சொல்கிறார்: ஒரு குன்றைப் பிடிக்கச் சொல்லி மேலதிகாரி ஆணையிட்டார், ஈடு இல்லாமல் முடியாது என்றேன், ஆகவே குன்றைப் பிடிக்கவில்லை, போரில் தோற்றோம் என்று.

'ஈடு' என்ற நம் சொல்லை எண்ணிப் பார்க்கிறேன். அடமானப் பொருளும் ஈடு. இழப்புக்குத் தரும் பதிலும் ஈடு. நிகர் என்பதும் ஈடு. இந்த மூன்று பொருளையும் படம் ஒருசேரத் தொடுகிறது. ஃபிரெட்டின் பதக்கங்களை எந்தக் கடையும் ஈடாக ஏற்பதில்லை. அவனுடைய தந்தை, இருப்புப்பாதை ஓரத்துக் குடிசையில் அமர்ந்து, மகனின் வீரத்தைப் பாராட்டும் சான்றிதழை வாய்விட்டுப் படிக்கும் நேரத்தில், மகன் வேலை தேடி ஊரை விட்டே கிளம்பியிருப்பான். விமான நிலையத்தில் காத்திருக்கும் வேளையில், உடைப்பதற்காக வரிசையாக நிறுத்தப்பட்ட குண்டுவீச்சு விமானங்களுக்கிடையே நடந்து, எஞ்சின் கழற்றப்பட்ட ஒன்றின் மூக்கில் ஏறி அமர்கிறான். படத்தின் உச்சம் அதுவே. விமானமும் அவனும் ஒரே கணக்கில் வருகிறார்கள்: வேலை முடிந்த தளவாடம். விமானங்களின் உலோகத்தைக் கொண்டு வீடு கட்டப்போகிறோம் என்று அங்குள்ள மேற்பார்வையாளர் சொல்ல, ஃபிரெட் அங்கேயே வேலை கேட்கிறான். நம்பிக்கை என்றால் இவ்வளவுதான் நம்பிக்கை.

இப்படத்தின் மீதான கடுமையான குற்றச்சாட்டை ராபர்ட் வார்ஷோ 1947லேயே வைத்துவிட்டார். அரசியல் சிக்கலைத் தனிமனித ஒழுக்கச் சிக்கலாக இது சுருக்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு நல்ல வங்கி அதிகாரி வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. இதில் பாதியை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் சொன்னதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படைகளில் பணியாற்றினார்கள். ஊர் திரும்பும் அவர்களில் ஒருவருடைய கதையும் பூன் சிட்டியில் இல்லை. படம் வெளிவந்த அதே 1946இல், பிப்ரவரி 12 அன்று, ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின வீரர் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், தென் கரோலினாவில் காவலர்களால் தாக்கப்பட்டு இரு கண்களையும் இழந்தார். அவர் கண்களைப் பறித்தது எதிரிநாடு அன்று. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் அரசு உறுதியளித்த 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் 2 மட்டுமே கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தன. சட்டம் நிறத்தைக் குறிப்பிடவில்லை. வங்கி மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் குறிப்பிட்டார்கள். ஆல் போன்ற ஒருவரின் நல்ல மனத்தை நம்பி ஒரு சட்டத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் படத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பேன். கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டு, பதிலில் தடுமாறும் படைப்புகள் உண்டு. கேள்வியே கேட்காதவற்றைவிட அவை மேலானவை. இதை இனி தன்னால் ஹாலிவுட்டில் எடுக்க முடியாது என்று 1947 அக்டோபரிலேயே, நாடாளுமன்றக் குழுவின் கம்யூனிச வேட்டைக்கு எதிரான வானொலி நிகழ்ச்சியில், வைலர் சொல்ல நேர்ந்தது. வெளிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 'கண்ணீர்ப் படம்' ஒன்றைக் குறித்து யாரும் அப்படி அஞ்சியிருக்க வேண்டியதில்லை. அந்த 'சுபமான' முடிவையும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். ஹோமரின் திருமணம் நடந்து முடிந்த அறையில் ஃபிரெட் பெக்கியிடம் சொல்வது காதல் மொழி அன்று. பணமில்லை, இருக்க நல்ல இடமில்லை, நிலைகொள்ளப் பல ஆண்டுகள் ஆகும் என்ற எச்சரிக்கை. அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள் எவை என்ற தலைப்பின் கேள்வி அந்தரத்திலேயே நிற்கிறது.

படத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கார் பெற்றவர் ஹரால்டு ரஸ்ஸல். ஒன்று, துணை நடிகருக்கானது. மற்றொன்று, சக வீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் அளித்ததற்கான சிறப்பு விருது. 1992இல் முதலாவதை ஏலத்தில் 60,500 டாலருக்கு விற்றார். மனைவியின் மருத்துவச் செலவுக்காக என்றார். நம்பிக்கைக்காகக் கொடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆல் அன்று விருந்தில் கேட்ட கேள்விக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பதில் வந்திருக்கவில்லை.