மேயர் நாற்காலி யார் கையில்?

பத்தமடைக்காரர்களுக்கு நெல்லை பக்கத்து ஊர்தான். அங்கே மேயர் பதவிக்கு நடந்த போட்டியில் பத்தமடைக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதல் மேயர்

நெல்லை 1994-ம் ஆண்டில் மாநகராட்சி ஆனது. 1996-ல் மக்களே ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்து எடுத்தார்கள். உமா மகேசுவரி வெற்றி பெற்றார். நெல்லையின் முதல் மேயர் ஒரு பெண்!

2011-லும் மக்களே மேயரைத் தேர்ந்து எடுத்தார்கள்.

2022-ல் முறை வேறு. மக்கள் கவுன்சிலர்களுக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்து எடுத்தார்கள்.

சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு

மொத்தம் 55 வார்டுகள். 44 வார்டுகளில் தி.மு.க. வென்றது. அந்தக் கட்சியின் பி.எம்.சரவணன் மேயர் ஆனார்.

இவ்வளவு பலம் இருந்தால் நாற்காலி ஆடுமா? ஆடியது!

சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே அவரை எதிர்த்தார்கள். நம்பிக்கை இல்லாத் தீர்மானம் வந்தது. 2024 ஜனவரி 12-ந் தேதி கூட்டம். கவுன்சிலர்கள் வரவில்லை. தீர்மானம் தோற்றது, மேயர் தப்பினார்.

ஆனால் பூசல் தீரவில்லை. அந்த ஆண்டு ஜூலை மாதம் அவர் ராஜினாமா செய்தார்.

30-க்கு 23

ஆகஸ்டு 5-ந் தேதி புதிய மேயர் தேர்தல். தி.மு.க. வேட்பாளர் ராமகிருஷ்ணன். 'கிட்டு' என்றால்தான் பலருக்குத் தெரியும். சைக்கிளில் போய் வருகிறவர் என்று பெயர் எடுத்தவர்.

அவரை எதிர்த்து நின்றவரும் தி.மு.க. கவுன்சிலரே. ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு. எதிர்த்தவருக்கு 23 ஓட்டு.

சபையில் அ.தி.மு.க.வுக்கு இருந்த இடங்கள் நான்குதான். மற்ற ஓட்டுகள் எங்கே இருந்து வந்தன என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

நல்லதா, கெட்டதா?

மேயரும் கவுன்சிலர்களும் ஒரே பக்கம் இருந்தால் வேலை தடைப்படாது என்பது இந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால், கவுன்சிலர்களின் கோபத்துக்கு ஆளானால் மேயருக்கு நிம்மதி இல்லை. அவர்களைச் சமாதானம் செய்யவே நேரம் போனால், குழாயில் தண்ணீர் வராத வீட்டை யார் கவனிப்பது?

ஒரு ஓட்டில் இரண்டு

பத்தமடை பேரூராட்சி. இங்கே மேயர் இல்லை, தலைவர் உண்டு. 2022-ல் தமிழ்நாட்டின் பேரூராட்சித் தலைவர்களையும் வார்டு உறுப்பினர்களே தேர்ந்து எடுத்தார்கள். கிராம ஊராட்சியிலோ தலைவருக்கு மக்களே நேரில் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஆகவே, இந்த முறை இருக்கும் வரை வார்டு ஓட்டைச் சின்ன ஓட்டு என்று நினைக்காதீர்கள். அதற்குள் தலைவரின் ஓட்டும் அடங்கி இருக்கிறது.

வேட்பாளர் வாசலுக்கு வந்தால், சாக்கடையைப் பற்றிக் கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்:

"தலைவர் பதவிக்கு நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?"