கம்ப்யூட்டர் வரையட்டும், கையெழுத்து யார் போடுவது?

கலர் கலராய் மிட்டாய்க் காடு! வாயைப் பிளக்க வைக்கும் மாயலோகம்! "குழந்தைகளைக் கூட்டி வாருங்கள்" என்று இணையதளத்தில் படம் போட்டார்கள். நம்பிப் பணம் கட்டிப் போனவர்கள் பார்த்தது என்ன? ஏறக்குறைய காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு!

நடந்தது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி. டிக்கெட் 35 பவுண்டு வரை. நம் பணத்தில் 3,500 ரூபாய்க்கு மேல். உள்ளே போன குழந்தைகளுக்குக் கிடைத்தது சில ஜெல்லி மிட்டாயும், கால் கப் எலுமிச்சை பானமும்தான். குழந்தைகள் அழுதன. பெற்றோர் கொதித்தனர். போலீஸ் வந்தது. முதல் நாளே கடையை இழுத்து மூடினார்கள்.

அந்தப் படங்களை எந்த ஓவியரும் வரையவில்லை. செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ. என்கிற கம்ப்யூட்டர் கருவி வரைந்தது. படத்தில் இருந்த ஆங்கில வார்த்தைகள் எந்த அகராதியிலும் இல்லாதவை. தூரத்தில் பார்த்தால் எழுத்து. கிட்டே போனால் கிறுக்கல்! நடிகர்களுக்குக் கொடுத்த வசனமும் ஏ.ஐ. எழுதியதுதான் என்று, வேஷம் போட்டவரே பின்னால் சொன்னார்.

தளத்தில் ஏற்றுவதற்கு முன்பு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தால் அந்தக் கிறுக்கல் வெளியே வந்திருக்குமா? அதுதான் இன்றைய கேள்வி.

நமக்கு என்ன?

"கிளாஸ்கோ எங்கே, பாண்டிபஜார் எங்கே? நமக்கு என்னய்யா?" என்று கேட்கலாம்.

இருக்கிறது! இன்று நகைக்கடைக்கு இணையதளம் உண்டு. பாத்திரக்கடைக்கு உண்டு. டியூஷன் சென்டருக்கு உண்டு. மேன்ஷன் அறை வாடகைக்குக்கூட உண்டு. அதைச் செய்து கொடுக்கும் டிசைனர் வாலிபர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். அவர்கள் மேஜையிலும் அதே ஏ.ஐ. கருவிகள்தான்.

2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி "சாட்ஜிபிடி" வந்தது. கேட்டால் எழுதிக் கொடுக்கும். 2023-ல் "போட்டோஷாப்" உள்ளேயே, வார்த்தையில் சொன்னால் படத்தை நிரப்பிக் கொடுக்கும் வசதி வந்தது. அதற்குப் பிறகு டிசைனர் வேலையின் வேகமே வேறு.

நல்ல வேலைக்காரன்

உள்ளதைச் சொல்ல வேண்டும். கருவி நல்ல வேலைக்காரன்தான்.

50 குக்கர் படம் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடை அலமாரி, டியூப் லைட், யாரோ ஒருவர் கை. முன்பெல்லாம் குக்கரின் விளிம்பைச் சுற்றி மவுசால் கோடு இழுத்து இழுத்தே விரல் வீங்கும். இன்று ஒரு அழுத்து. பின்னணி காலி!

கடை முதலாளி சொன்ன 4 வரியைக் கொடுத்தால் 40 வரி வரும். பெரிய திரையில் பார்க்கிற பக்கத்தைச் செல்போனுக்கு அடக்கமாக மாற்ற வேண்டுமா? அதற்கான கோடும் எழுதிக் கொடுக்கும். எங்கே தப்பு என்று தெரியாமல் ராத்திரி 2 மணி வரை முழித்த ஆசாமி, இன்று கருவியிடம் கேட்டுவிட்டு 10 மணிக்கே லைட்டை அணைக்கிறார்.

இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. சொல்லவும் வேண்டியதில்லை.

எங்கே உதைக்கிறது?

கருவிக்குக் கை வேகம். ஆனால் கடையை அது பார்த்ததில்லை. தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லும் பழக்கமும் அதற்குக் குறைவு. தெரிந்த மாதிரியே அடித்துவிடும்!

"எங்கள் கடையைப் பற்றி எழுது" என்றால், "24 மணி நேர சேவை" என்று சேர்த்துவிடும். கடை ராத்திரி 9 மணிக்கு மூடுகிறது. "25 ஆண்டு அனுபவம்" என்று போடும். கடை திறந்தே 3 வருஷம்தான். "வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்" என்று 4 பாராட்டு வரும். அந்த 4 பேரும் பிறக்கவே இல்லை!

தமிழ் என்றால் இன்னும் வேடிக்கை. "ப்ரீ சைஸ் நைட்டி" என்பதை "இலவச அளவு நைட்டி" என்று மாற்றி வைத்தால் என்ன ஆகும்? மறுநாள் காலை கடை வாசலில் சண்டைதான்! படத்துக்குள் தமிழ் எழுத்துப் போடச் சொன்னால் பல கருவிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் பிய்த்து வைக்கின்றன. கிளாஸ்கோவில் ஆங்கிலத்துக்கு வந்த அதே வியாதி.

கண் தெரியாதவர்கள் செல்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? போன் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. படம் வந்தால், அதற்குப் பின்னால் டிசைனர் எழுதி வைத்த வரியைப் படிக்கும். கருவி அந்த வரியை, "மேஜை மேல் ஒரு பாத்திரம்" என்று எழுதிவிட்டுப் போகும். வாங்க வந்தவருக்குத் தெரிய வேண்டியது 5 லிட்டரா, 3 லிட்டரா என்பது!

கண் தெரிந்தவர் பாடு மட்டும் என்ன? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற அளவாவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் இணையதளங்களுக்கு வகுத்த விதி. கருவி அழகுக்காக வெள்ளைமேல் வெளிர் சாம்பலை வைக்கும். பட்டப்பகல் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெரியவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள்!

இல்லாத கடைக்கு வழி

இது திருட்டு விவகாரம். கவனமாகக் கேளுங்கள்.

இணையதளம் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் கோடு மூட்டைகளைப் பெயர் சொல்லி இறக்கிக்கொள்வார்கள். "எந்த மூட்டையை இறக்கலாம்?" என்று ஏ.ஐ.யைக் கேட்டால், சில சமயம் உலகத்திலேயே இல்லாத ஒரு பெயரைச் சொல்கிறது.

திருடன் என்ன செய்வான்? கருவி அடிக்கடி உளறும் பெயர் எது என்று பார்த்து, அதே பெயரில் ஒரு மூட்டையைத் தயார் செய்து வைப்பான். உள்ளே விஷம்!

இது நடக்குமா என்று ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தார். கருவி உளறிய ஒரு பெயரில், ஒன்றுமே இல்லாத காலி மூட்டையைப் போட்டு வைத்தார். அதைப் பல ஆயிரம் முறை இறக்கிக்கொண்டார்கள்! விவரம் 2024-ல் வெளியே வந்தது. நல்ல வேளை, அவர் ஆராய்ச்சியாளர். திருடனாக இருந்திருந்தால்?

ஊருக்குப் புதியவர் வழி கேட்கிறார். சொன்னவர் இல்லாத தெருவைச் சொல்கிறார். அந்தத் தெருமுனையில் கத்தியோடு ஒருவன் நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

இன்னொன்று. வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், விலாசம் அடங்கிய பட்டியலை, "இதை அழகாகத் தொகுத்துக் கொடு" என்று கருவிக்குள் கொட்டுகிறார்கள். 2023-ல் சாம்சங் நிறுவனமே, தன் ஊழியர்கள் ரகசியக் கோடுகளை இப்படிக் கொட்டியதைக் கண்டு, ஏ.ஐ. கருவிகளுக்குத் தடை போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தப் பயம் என்றால், மளிகைக்கடைக் கணக்கு நோட்டு எம்மாத்திரம்?

அச்சகத்துப் பாடம்

ஈய எழுத்துக் கோர்த்த காலத்து அச்சகத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கம்பாசிடர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் கோர்த்தது நேரே மெஷினுக்குப் போகாது. புரூப் எடுப்பார்கள். ஒருவர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படிப்பார். கல்யாணப் பத்திரிகை என்றால் வீட்டாரைக் கூப்பிட்டு, "பேரு, தேதி, முகூர்த்த நேரம் எல்லாம் சரியா பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் ஓடாது.

டி.டி.பி. வந்தது. ஈய எழுத்து போனது. கம்பாசிடர் வேலை போனது. ஆனாலும் நல்ல அச்சகங்களில் கையெழுத்து மட்டும் போகவில்லை.

இன்றைய கம்பாசிடர் ஏ.ஐ. கண்மூடித் திறப்பதற்குள் கோர்த்து வைக்கிறது. புரூப் பார்க்கிற நாற்காலி மட்டும் காலி! அந்த நாற்காலியைத் தூக்கியது யார்?

கூலி வெட்டு

கோபப்படக் கூடாது. தூக்கியவர்களில் கடை முதலாளிகளும் உண்டு.

"ஏன் தம்பி, அதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போட்டுடுதே. உனக்கு எதுக்கு இவ்வளவு காசு?"

"இல்லீங்க அண்ணாச்சி, போட்டதைச் சரி பார்க்கணுமே..."

"அதையும் அதுகிட்டயே கேளு!"

இந்தப் பேரம் இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. ரேட்டைப் பாதியாக்குகிறார்கள். 10 நாள் வேலையை 2 நாளில் கேட்கிறார்கள். வாலிபர் என்ன செய்வார்? வீட்டு வாடகை இருக்கிறது, தங்கை படிப்பு இருக்கிறது. கருவி கொடுத்ததை அப்படியே ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறார். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

வரைகிற நேரம் குறைந்தது உண்மை. அதற்குரிய கூலி குறையட்டும். பார்க்கிற நேரம் குறையவில்லை. முன்பைவிட அதிகம்! தானே எழுதிய வரி எங்கிருந்து வந்தது என்று எழுதியவனுக்குத் தெரியும். கருவி எழுதிய 40 வரியில் எது நிஜம், எது சரடு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குக் காசு கொடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காது.

பழி யார் தலையில்?

"தப்பு வந்தால் கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டால் போச்சு" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி.

கனடாவில் ஒருவருடைய பாட்டி இறந்துவிட்டார். சாவுக்குப் போக வேண்டும். "ஏர் கனடா" விமான கம்பெனியின் இணையதளத்தில் இருந்த பதில் சொல்லும் எந்திரத்திடம் கேட்டார். "முதலில் டிக்கெட் வாங்குங்கள், துக்கச் சலுகையை 90 நாளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்றது. வாங்கினார். போய் வந்து கேட்டால், "அப்படி ஒரு விதியே இல்லை" என்று கம்பெனி கையை விரித்தது.

வழக்கு நடந்தது. கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? "எந்திரம் சொன்னதற்கு எந்திரமே பொறுப்பு!"

தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இணையதளத்தில் இருப்பது எதுவானாலும் கம்பெனியே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. வட்டி, செலவு உள்பட 812 டாலர் கட்ட வைத்தது. தொகை சின்னது. பாடம் பெரியது.

நம் நாட்டிலும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஏமாற்று விளம்பரம் என்று தெரிந்தால், கடைக்காரர், விளம்பரம் கொடுத்தவர், வெளியிட்டவர் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லி மத்திய ஆணையம் உத்தரவு போடலாம். பொருள் தயாரிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை! இணையத்தில் வரும் பாராட்டு, விமர்சனங்களுக்கு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயமும் வந்துவிட்டது. "யார் எழுதினது, ஏ.ஐ.யா, ஆளா?" என்று ஏமாந்தவர் கேட்கப் போவதில்லை. எந்தக் கடை என்றுதான் கேட்பார்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கடை முதலாளியும் டிசைனரும் எதிரெதிரே உட்கார்ந்து 5 விஷயம் பேசி முடித்தால் போதும்.

1. பொருள் படம் நிஜப் படமாகவே இருக்கட்டும். பின்னணியைக் கருவி மாற்றலாம். சேலையின் கலரையும் வளையலின் கனத்தையும் தொடக் கூடாது.

2. விலை, போன் நம்பர், விலாசம், கடை நேரம், சலுகை. இந்த 5-ம் கடையில் இருந்து எழுத்தில் வர வேண்டும். கருவி எழுதக் கூடாது.

3. பிறக்காத வாடிக்கையாளரின் பாராட்டு வேண்டவே வேண்டாம்.

4. வாடிக்கையாளர் பட்டியலைக் கருவிக்குள் கொட்டக் கூடாது.

5. பில்லில் "சரி பார்த்த கூலி" என்று ஒரு வரி தனியாக இருக்கட்டும். சரி பார்த்தவர் பெயரும் இருக்கட்டும்.

கடைசி வரிதான் முக்கியம். காசு கொடுத்தவர் தைரியமாகக் கேட்பார், "பார்த்தாயா?" என்று. காசு வாங்கியவர் தைரியமாகச் சொல்வார், "பார்த்தேன், இது என் கையெழுத்து" என்று.

வாசகர்களுக்கும் ஒன்று. செல்போனில் ஒரு கடையைப் பார்த்துப் பணம் அனுப்பும் முன்பு, அதில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். "கடை எந்தத் தெரு, எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேளுங்கள். நிஜமான கடை என்றால் ஒரு மனிதக் குரல் பட்டென்று பதில் சொல்லும். இழுத்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!